மலைக்கு மீன் கொண்டுபோன லீமா

கல்லடித்துறைக் கடற்கரையில் வெளிச்சம் வருவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். அந்த இரைச்சலில் லீமாவின் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்கலாம். அவள் ஒன்றும் பெரிய சத்தக்காரி இல்லை. எல்லாரும் விலை பேசிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். "இந்த அயலை பகவதியப்பன் அண்ணனுக்கு. அவருக்கு முள்ளு ஆவாது." "இந்தச் சாளை ராகேலுக்கு. அவளுக்க பிள்ளைக பொரிச்சாத்தான் தின்னும்." மீன் இன்னும் மணலைவிட்டு எழும்பியிருக்காது. அதற்குள் அது யார் வீட்டுச் சட்டியில் கொதிக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

அவள் மீன் கொண்டுபோகும் ஊர் மயிலாங்கோணம். புதுக்கடை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று ஏறிக்கொண்டே போனால், தார்ச்சாலை முடிகிற இடத்தில், மலையின் காலடியில் கிடக்கிறது. ரப்பர் தோட்டங்களான விளைகளுக்கு நடுவே ஓட்டு வீடுகள், ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு டீக்கடை, ஊரின் தலைக்கு மேலே காடு. ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, கடைசி ஏற்றத்தில் அவள் ஆரனை அழுத்தும்போது ஊரிலுள்ள பூனைகள் எல்லாம் முதலில் வந்து நிற்கும்.

பிறந்ததிலிருந்தே அவள் மீன்காரி இல்லை. கணவன் சிலுவைதாசன் இருந்தவரை வீடு, கோயில், கடற்கரை என்று மூன்று இடங்களுக்குள் முடிந்துபோன வாழ்க்கை. ஒக்கி புயல் அடித்தபோது அவன் ஆழ்கடலில் இருந்தான். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். வள்ளத்து எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் கபிரியேல் முன்னால் நின்றார். வளைகுடா நாடுகளில் இருந்த பையன்கள் தங்களால் ஆனதை அனுப்பினார்கள். 'கரைவிளக்கு' என்று பெயர் வைத்தார்கள். வலை வைக்கும் கொட்டகையின் மாடிதான் அலுவலகம். ஆள் இழந்த வீடுகளுக்கு ஏதாவது தொழில் வைத்துக் கொடுப்பது என்று முடிவானபோது லீமாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். தையல் மிஷின் என்பாள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அவள் ஸ்கூட்டர் கேட்டாள்.

நாற்பது வயதுக்கு மேல் கபிரியேல்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிரேக் என்று அவர் சொன்னதை இவள் வேகம் என்று எடுத்துக்கொண்டு, தேங்காய் மட்டை ஊறப்போட்டிருந்த குளத்துக்குள் வண்டியோடு இறங்கினாள். கறுத்த தண்ணீரிலிருந்து எழும்பி வந்தவள் முதலில் கேட்டது, "வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே அண்ணே?" என்பதுதான். புயலுக்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

பக்கத்து ஊர்களை எல்லாம் ஏற்கெனவே வேறு பெண்கள் பங்கிட்டு வைத்திருந்தார்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்க அவளுக்கு மனமில்லை. யாரும் போகாத இடமாகப் பார்த்து ஏறிக்கொண்டே போனவள், ஏறுவதற்கு மேலே வழி இல்லாத இடத்தில் நின்றாள். அதுதான் மயிலாங்கோணம். புதிய ஆளிடம் மீன் வாங்க முதலில் யாருக்கும் தைரியம் வரவில்லை. மேல்வரிசை வீட்டிலிருந்து சண்முகவடிவு இறங்கி வந்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள், மோந்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஏட்டி, இது இண்ணைக்குப் பிடிச்சதா, போன கிறிஸ்மஸுக்குப் பிடிச்சதா?"

"அக்கா, நல்லா பாருங்க. அது கண்ண முழிச்சு உங்களத்தான் பாக்குகு."

சண்முகவடிவு சிரிக்கவில்லை. ஆனால் வாங்கினாள். அவள் வாங்கியதைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். அன்று தொடங்கிய பழக்கம். சண்முகவடிவின் கணவன் பகவதியப்பன் ரப்பர் பால் வெட்டுகிறவர், அதிகம் பேசாதவர். சண்முகவடிவு தேனீ வளர்த்தாள். வீட்டைச் சுற்றியும் ரப்பர் விளைக்குள்ளும் அவளுடைய தேன்பெட்டிகள் குட்டிக் குட்டி வீடுகள் மாதிரி கால் ஊன்றி நிற்கும். மீன் விற்று முடித்ததும் லீமா அங்கே போய் ஒரு செம்பு வெள்ளம் வாங்கிக் குடிப்பாள். பெட்டிகளுக்குப் பக்கத்தில் மட்டும் போகமாட்டாள். பேச்சு என்று பார்த்தால் பாதி நேரம் சண்டைதான். ஆனால் ஒருநாள் லீமா வரவில்லை என்றால் சண்முகவடிவு ஃபோன் செய்து ஏசுவாள்.

தை மாதக் கடைசியில் தீ வந்தது.

அது ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து விளை முழுவதும் சருகு மெத்தையாகக் கிடக்கும் காலம். மரத்தின் உச்சியில் புதுத் தளிர் விடும். தளிரின் காம்பில் ஊறுகிற இனிப்புக்குத்தான் தேனீக்கள் பறக்கும். தேன் எடுக்கும் பருவமும் அதுதான், தீக்குப் பயப்படும் பருவமும் அதுதான். மலையில் புல் எரிவது அந்த ஊருக்குப் புதிதில்லை. பாறையில் முட்டித் தானாக அணைந்துபோகும். அந்த முறை காற்று கீழே இறங்கியது. மத்தியானம் டீக்கடைக்காரர் தகரத் தட்டை அடித்துக்கொண்டு ஓடினார். ஆட்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வளைவுகளில் ஏறி வருவதற்குள் மேல்வரிசை வீடுகள் அத்தனையும் எரிந்துபோயின. ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரைகள் எரிந்தன. சண்முகவடிவின் தேன்பெட்டிகள் மெழுகோடு எரிந்தன. ஓர் உயிருக்கும் சேதமில்லை என்று பத்திரிகையில் சிறியதாகப் போட்டார்கள்.

லீமாவுக்குச் செய்தி தெரியாது. மறுநாள் வழக்கம்போல மீனோடு ஏறினாள். குலசேகரம் தாண்டியதும் புகைவாடை அடித்தது. ஊர் வளைவில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். வண்டியை ஓரமாக விட்டுவிட்டு நடந்தாள். மலையின் அந்தப் பக்கம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. ஆரன் அடிக்காமல் அவள் அந்த ஊருக்குள் நுழைந்தது அன்றுதான்.

பள்ளிக்கூட வராந்தாவில் பெண்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. அவளைப் பார்த்ததும் ராகேல், "இண்ணைக்கு மீன் வேண்டாம் லீமாக்கா, சட்டி இல்ல" என்றாள், தப்பு செய்துவிட்ட மாதிரி. லீமா திரும்பிப் போய் ஐஸ் பெட்டியைத் தலையில் தூக்கி வந்தாள். சத்துணவுக் கூடத்தின் பெரிய பாத்திரத்தைக் கேட்டு வாங்கினாள். தேங்காய் அரைக்க வழியில்லை. புளியும் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொண்டுவந்த மீன் முழுவதையும் வைத்தாள். கீழே இருந்து யாரோ சோறு கொண்டுவந்தார்கள். பகவதியப்பன் முதலில் வந்து தட்டை நீட்டினார். அவருடைய மீசை ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டார்கள், பிறகு பெண்கள். சண்முகவடிவு மட்டும் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஒரு வாய் தின்னுங்க அக்கா."

"பொறவு தின்னுகேன் மக்கா. நீ போ. இருட்டுகதுக்குள்ள எறங்கு."

திரும்பும் வழியில் லீமா வீட்டுக்குப் போகவில்லை. நேரே வலைக் கொட்டகையின் மாடிக்கு ஏறினாள். கபிரியேல் இருந்தார். அறக்கட்டளையின் செயலாளர் பிரீனா இருந்தாள். மஸ்கட்டில் நர்ஸாக இருந்துவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தவள். வள்ளம் வைத்திருக்கும் சிஜோவும் இன்னும் சிலரும் இருந்தார்கள். லீமா பார்த்ததை எல்லாம் சொல்லி முடித்தாள்.

சிஜோதான் ஆரம்பித்தான். "வெசனம்தான் அக்கா. இல்லேன்னு சொல்லல. ஆனா இது கடல்காரங்களுக்குன்னு தொடங்கினதாக்கும். நம்ம பிள்ளைகளுக்கே தெகையல. மலைக்காரங்களுக்கு அங்க ஆளு இல்லியா?"

"புயலுக்குப் பெறவு இந்தக் கரையில ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியாம கெடந்துதே, அப்பம் ஒரு லாரி மரச்சீனிக் கெழங்கு வந்துது. ஓர்மை இருக்கா?"

"இருக்கு."

"நீயும் தின்ன, நானும் தின்னேன். எந்த ஊருக் கெழங்குன்னு கேட்டுட்டா தின்னோம்?"

"மயிலாங்கோணத்துல இருந்தா வந்துது?"

"எனக்குத் தெரியாது மக்கா" என்றாள் லீமா. "கடல்ல வெளைஞ்சது இல்லேன்னு மட்டும் தெரியும்."

கபிரியேல் எழுந்து மூலையில் கிடந்த தார்ப்பாய்களைக் காலால் தள்ளிப் பார்த்தார். "கிழியாதது எத்தனை கெடக்குன்னு எடுத்துப் போடுங்க" என்றார். முதலில் எழுந்துபோய் எடுத்தவன் சிஜோதான்.

இரண்டொரு நாளில் கடற்கரை ஆண்கள் ஒரு வேனில் மலைக்கு ஏறினார்கள். அலைமேல் வாரக்கணக்கில் கிடந்து வருகிறவர்கள் மலை வளைவுகளில் தலைசுற்றி ஒருவர் பின் ஒருவராக வாந்தி எடுத்தார்கள். வேனை நிறுத்தி நிறுத்திப் போக வேண்டியிருந்தது. மயிலாங்கோணத்துக்கு உதவி வந்து இறங்கியபோது, உதவி தேவைப்பட்டது வந்தவர்களுக்குத்தான். எரிந்த வீட்டுப் பெண்கள் எலுமிச்சம்பழம் தேடிக் கொண்டுவந்து பிழிந்து கொடுத்தார்கள். தீக்குப் பிறகு அந்த ஊரில் யாராவது சிரித்தார்கள் என்றால் அப்போதுதான். தெளிந்து எழுந்தபின் அவர்கள் கைவேலை தெரிந்தது. மூங்கிலை நட்டு, வள்ளத்துக் கயிற்றால் முடிச்சுப் போட்டு, சாயங்காலத்துக்குள் ஒரு வரிசை கொட்டகைகளை நிறுத்திவிட்டார்கள். பகவதியப்பன் ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்க்க முயன்று தோற்றுப்போய், சிஜோவிடம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார்.

பிரீனா வேறு விதமாக வேலை செய்தாள். ஒவ்வொரு குடும்பத்தோடும் தனியாக உட்கார்ந்து, "உங்களுக்கு இப்பம் என்ன வேணும்?" என்று கேட்டாள். ஒரே மாதிரி மூட்டைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு இறங்குவதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஒருவருக்குப் பால் வெட்டும் கத்தி வேண்டியிருந்தது. ராகேலுக்குப் பிள்ளைகளின் பள்ளி உடுப்பு. வயதான ஒருவர் வெகுநேரம் தயங்கிவிட்டு, ஓடும்போது விழுந்துபோன பல்செட் என்றார். வாய் நிறையப் பல் இல்லாமல் துக்கம் கேட்க வருகிறவர்களோடு பேச வெட்கமாக இருக்கிறதாம். அதுவும் வந்து சேர்ந்தது. அரசாங்க உதவிக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருந்தபோது அவர்களோடு கூடப் போய் நின்றாள். வீடு கட்டுவதில் அரசாங்கம் கொடுத்ததுபோக மீதியைக் கரைவிளக்கு ஏற்பது என்று முடிவானது. கொத்தனார் வேலை தெரிந்தவர்கள் கடற்கரையிலிருந்து முறை வைத்து வந்தார்கள்.

லீமா தினமும் வந்தாள். மீன் விற்றாள், விற்காதபோது கொடுத்தாள், எல்லா வேலையிலும் தலையை நுழைத்தாள். ஆனால் சண்முகவடிவு விஷயத்தில் அவளுக்கு நிம்மதி இல்லை. பிரீனா கேட்டபோதெல்லாம் சண்முகவடிவு, "எனக்கு ஒண்ணும் வேண்டாம் மோளே" என்றே சொன்னாள். காலையில் கொட்டகையை விட்டுப் போனால் சாயங்காலம்தான் வருகிறாள். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. கறுத்துப்போன மேட்டில் தனியாகச் சுற்றுகிறாள் என்று ஊரில் பேச்சு.

லீமா தானாகவே ஒரு முடிவெடுத்தாள். பகவதியப்பனிடம் நம்பர் வாங்கி, நாகர்கோவிலில் இருந்த மகள் இந்துஜாவைக் கூப்பிட்டாள். "அம்மை செரியில்ல பிள்ளே. வந்து கூட்டிட்டுப் போ. கொஞ்ச நாளு உனக்கக் கூட இருக்கட்டு." இந்துஜா அடுத்த நாளே கார் பிடித்து வந்துவிட்டாள். பள்ளிக்கூட முற்றத்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சண்முகவடிவு ஏற மாட்டேன் என்று நின்றாள். மகளைத் திருப்பி அனுப்பினாள். பிறகு லீமாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஆருக்கக் கிட்ட கேட்டு நீ எனக்க மகளுக்கு ஃபோன் செய்த?"

"உங்க நல்லதுக்குத்தான் அக்கா…"

"எனக்க நல்லது எனக்குத் தெரியும். நீ மீன் விக்க வந்தவ. மீன வித்துட்டுப் போ."

லீமா போனாள். இறக்கம் முழுவதும் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். வருஷக்கணக்காகத் தண்ணீர் வாங்கிக் குடித்த வீடு. மீன் விற்க வந்தவள்தான், அதிலென்ன பொய் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆறவில்லை. அடுத்த நாள் போகக்கூடாது என்று நினைத்தாள். ஆனால் ஏலக்களத்தில் முள் குறைந்த அயலையைக் கண்டதும் கை அதன்மேல் போனது.

மயிலாங்கோணத்தில் பகவதியப்பன் அவளுக்காக வழியில் காத்து நின்றார். அவர் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி லீமா கேட்டதில்லை. "கோவப்படாத பிள்ளே. அவ ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பா. போய்ப் பாரு. நான் சொன்னேன்னு சொல்லாத."

கறுத்த மரங்களுக்கு நடுவே, சாம்பலில் கால் புதைய லீமா நடந்தாள். ஓடைக்கு அப்பால் தீ தாண்டவில்லை. அங்கே ஒரு பழைய பலாமரம் நின்றது. அதன் அடியில் சண்முகவடிவு குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால் தேங்காய்ச் சிரட்டைகளில் சீனி கரைத்த வெள்ளம். சிரட்டை விளிம்பில் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவை மேலே பறந்து, மரத்தில் ஒரு பொந்துக்குள் நுழைவதும் வருவதுமாக இருந்தன.

லீமா தள்ளியே நின்றாள். சண்முகவடிவு திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை.

"பெட்டியில உள்ளதெல்லாம் செத்துப்போச்சுன்னு நெனச்சேன்" என்றாள். "ஒரு கூட்டம் தப்பியிருக்கு மக்கா. எனக்கதுதான். வேற எங்கயும் போகாம இதுல ஏறியிருக்கு. சுத்தி ஒரு தளிரு இல்ல, ஒரு பூவு இல்ல. நானும் கார்ல ஏறிப் போயிட்டா இதுகளுக்கு ஆரு இருக்கா?"

லீமா சாம்பல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். புயலுக்குப் பிறகு அவளுடைய அம்மாவும் இப்படித்தான் வண்டி பிடித்து வந்தாள், மகளைக் கூட்டிக்கொண்டுபோக. கடலுக்குப் போன மனுஷன் திரும்பி வந்தால் ஆளில்லாத வீட்டிலா ஏறுவார் என்று கேட்டு அம்மாவைத் திருப்பி அனுப்பியது நினைவுக்கு வந்தது. எத்தனையோ மாதம் தினமும் காலையில் கரையில் போய் நின்றாள். நிற்காதே என்று சொன்னவர்களை எல்லாம் வெறுத்தாள். பக்கத்தில் வந்து சும்மா நின்றுவிட்டுப் போனவர்களைத்தான் அவளுக்குப் பிடித்தது.

"நான் கேக்காம செய்துட்டேன் அக்கா" என்றாள். "இனி செய்ய மாட்டேன். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

சண்முகவடிவு பொந்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு பெட்டி." கொஞ்சம் கழித்து, "நீ வல்லதும் தின்னியா?" என்று கேட்டாள்.

பெட்டி என்றதும் கபிரியேல், நாமே செய்யலாம் என்றார். கல்லடித்துறையில் ஃபைபர் வள்ளம் கட்டுகிற வினோஜிடம் வேலையை ஒப்படைத்தார். வினோஜ் நல்ல தொழிலாளி. மனம் வைத்துச் செய்தான். பலகைக்குப் பலகை இடைவெளி இல்லாமல் இழைத்து, உள்ளேயும் வெளியேயும் ஃபைபர் பூசி, வெயிலில் பளபளக்கும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு லீமாவோடு மலைக்கு வந்தான்.

"காத்து கேறாது, வெள்ளம் கேறாது" என்றான் பெருமையாக.

சண்முகவடிவு பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். மூடியைத் திறக்கப் பார்த்தாள். திறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. "தேனீயும் கேறாதே தம்பி" என்றாள். "இது கூடு வைக்கதுக்கா, கடல்ல தள்ளி விடுகதுக்கா?" சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. வினோஜும் சிரித்தான். பிறகு அவள் எரிந்ததில் பாதி மிஞ்சிய ஒரு பழைய பெட்டியை எடுத்து வந்து கொடுத்தாள். அதைப் பார்த்து, அடியில் வாசல் விட்டு, உள்ளே சட்டங்கள் தொங்குகிற மாதிரி வினோஜ் அடுத்ததைச் செய்தான். முதல் பெட்டி வீணாகவில்லை. ராகேல் அதில் அரிசி போட்டு வைத்தாள். எலி ஏறாத பெட்டி என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

பொந்திலிருந்து தேனீயைப் பெட்டிக்கு மாற்றுகிற அன்று ஒரு சங்கடம் வந்தது. காய்ந்த தேங்காய் மட்டையைக் கொளுத்திக் கொஞ்சம் புகை காட்டினால்தான் தேனீ அடங்கும். எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலை. ஆனால் தீக்குச்சியை உரசி, சுடரைக் கண்டதும் சண்முகவடிவு கையை உதறிவிட்டாள். குச்சி அணைந்தது. இன்னொன்றை உரசினாள், அதுவும் அணைந்தது. பகவதியப்பன் ஏணியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். தேனீ என்றால் பத்தடி தள்ளி நிற்கிற லீமா வந்து தீப்பெட்டியை வாங்கினாள். மட்டையைப் பற்றவைத்து, ஊதி அணைத்து, கனலாக்கிப் புகையை மட்டும் எழுப்பினாள்.

"இத நான் பிடிச்சுக்கிடுகேன். நீங்க அதுகளப் பாருங்க அக்கா."

சண்முகவடிவு பொந்துக்குள் கை விட்டாள். அப்புறம் தயக்கம் இல்லை. அடையை முறித்து, சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டி, ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் இறக்கினாள். ராணி உள்ளே போனதும் மற்றவை வரிசையாகப் பின்னால் போயின. புகையை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் பிடித்த லீமாவுக்குத்தான் கொட்டு விழுந்தது, கண்ணுக்கு மேலேயும் உதட்டிலும். அவள் அசையாமல் நின்றாள். மறுநாள் வீங்கின முகத்தோடு ஏலக்களத்தில் நின்றவளைப் பார்த்து, "ஆரு அடிச்சா?" என்று சிஜோ கேட்டான். "மயிலாங்கோணத்துல புதுசா குடியேறினவங்க" என்றாள்.

மழைக்காலம் வந்தது. எரிந்த மேட்டில் முதலில் புல் வந்தது, பிறகு கரிந்த கட்டைகளின் அடியில் பச்சை. புதிதாக நடும் ரப்பர் மரம் பால் தர வருஷங்கள் ஆகும். கரைவிளக்கு கன்றுகள் வாங்கிக் கொடுத்தது, அதுவரைக்கும் ஊடுபயிராக வாழையும் அன்னாசியும் போட்டார்கள். மழை விட்டு, தேன்கூடுகளைப் பிரிக்கிற பருவத்தில், மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்காரர்களிடம் பிரீனா போய்ப் பேசினாள். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆளுக்கொரு கூட்டைப் பிரித்துத் தந்தார்கள். தேனீ எல்லாம் அடைந்தபின் அந்திநேரத்தில்தான் கொண்டுபோக வேண்டும். மீன்வாடை தேனீக்கு ஆகாது என்று லீமா தன் ஸ்கூட்டரைப் புளியும் சோப்பும் போட்டுத் தேய்த்து, ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் தேன்பெட்டியைத் துணியால் மூடிக் கட்டி, ஒரு கைக்குழந்தையைக் கொண்டுபோவதைப்போல ஓட்டினாள். பின்னால் வந்த பஸ் ஆரன் அடித்தும் அவள் வேகம் கூட்டவில்லை.

கூடு கிடைத்தவள் சண்முகவடிவு மட்டும் இல்லை. ராகேலுக்கும் இன்னும் சில பெண்களுக்கும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பழக்கிவிட்டது சண்முகவடிவு. மார்கழியில் சருகு விழத் தொடங்கியதும் கடற்கரை ஆட்கள் மறுபடி வேனில் ஏறி வந்தார்கள். இந்த முறை புளிப்பு மிட்டாய் கையில் இருந்தது. ஊர்க்காரர்களோடு சேர்ந்து காட்டின் ஓரத்தில் அகலமாகச் சருகைக் கூட்டி எடுத்து, தீ தாண்டாதபடி வெறும் தரையாக்கினார்கள். அந்த வருஷக் கூட்டத்தில் கரைவிளக்கு தன் விதியை மாற்றிக்கொண்டது. கடல்காரர்களுக்கு என்று இருந்ததை, மாவட்டத்தில் கஷ்டப்படுகிற யாருக்கும் என்று ஆக்கினார்கள். அதை முன்மொழிந்தவன் சிஜோ. லீமாவைக் குழுவில் சேர்த்தார்கள். நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது என்று அவள் எல்லாக் கூட்டத்திலும் கதவோரம் நின்றுகொண்டுதான் பேசுகிறாள்.

தையில் சண்முகவடிவின் புதுவீட்டில் பால்காய்ப்பு. இந்துஜா முந்தின நாளே வந்துவிட்டாள். கடற்கரையிலிருந்து கபிரியேலும் பிரீனாவும் மற்றவர்களும் வேனில் போனார்கள். லீமா மட்டும் பிந்திப் போனாள். கீழே ஓர் ஊரில் கல்யாண வீட்டுக்கு மீன் கொடுக்க வேண்டியிருந்தது. கை கால் கழுவி, சேலையை மாற்றி வந்தும் தன்மேல் வாடை இருக்கிறதென்று அவளுக்கே தெரிந்தது. உள்ளே பூசை முடிந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வெளியே மணல் குவியலின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

சண்முகவடிவு எட்டிப் பார்த்தாள். "அங்க என்ன நிக்க?"

"மீன் வாடை அடிக்குது அக்கா. எல்லாரும் சாப்பிட்டு முடியட்டு."

சண்முகவடிவு இறங்கி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு போய், விளக்கைத் தாண்டி, ஆட்களைத் தாண்டி, உள்ளறையில் உட்கார வைத்தாள். இலை போட்டு அவளே பரிமாறினாள். எரிசேரி, அவியல், பருப்பு, பிரதமன். லீமா ஏலத்துக்கு எழுந்தது முதல் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கை கழுவிவிட்டு வந்து கொஞ்சம் சாய்ந்தாள். புதுச் சிமெண்டுத் தரை குளிர்ந்து கிடந்தது. வேன் கிளம்பும்போது பிரீனா கூப்பிட வந்தாள். லீமா கையைத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பகவதியப்பன் ஒரு பாயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எழுப்பினால்தானே விரிக்க முடியும் என்று சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

"எழுப்பாத" என்றாள் சண்முகவடிவு, பிரீனாவிடம் மெல்ல. "நீங்க போங்க. அவ வண்டி இங்கதானே நிக்குகு. எழும்பினப் பெறவு சாயா குடிச்சுட்டு வருவா."

ஜன்னல் வழியாக வெயில் லீமாவின் முகத்தில் விழுந்தது. சண்முகவடிவு அந்த ஜன்னல் கதவை மட்டும் சாத்திவிட்டு, பாத்திரங்களை வெளியே எடுத்துப்போய்க் கழுவத் தொடங்கினாள்.